சரஸ்வதி பூஜைக்கு உங்கள் வீட்டில் எந்தப் புத்தகத்தை அடுக்குவீர்கள்?

காவிரிக்கரை (திங்கள், செப்டம்பர் 29, 2025)

எல்லோருக்கும் வணக்கம். நாளை மறுநாள் பூஜை. இந்த வருஷம் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் அக்டோபர் 2-லேயே சேர்ந்து வந்துவிட்டதால் ஒரு லீவு போச்சு என்று வீட்டில் ஒரே புலம்பல். அது கிடக்கட்டும். மகள் ஆறாவது படிக்கிறாள், காலாண்டுத் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஒரு கேள்வி கேட்டாள். "காமிக்ஸைப் பூஜையில் வைத்தால் அன்றைக்குப் படிக்க முடியாது. வைக்காவிட்டால் அது புத்தகம் இல்லை என்று ஆகிவிடும். என்னம்மா செய்ய?" எனக்கு உடனே பதில் வரவில்லை. என் மாமியார், "பள்ளிக்கூடப் புஸ்தகம் மட்டும் வை, போதும்" என்று முடித்துவிட்டார்.

என் பிறந்த வீடு மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமம். தாத்தா கர்ணமாக, அதாவது கிராமக் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1980-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கர்ணம், மணியக்காரர் பதவிகளை அவசரச் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள், கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அடங்கல், சிட்டா என்று வீட்டில் இருந்த நிலக் கணக்கையெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாராம். நான் பிறந்ததே அதற்குப் பிறகுதான். ஆனால் ரூல்தடி ஒன்று மட்டும் தங்கிவிட்டது. கறுப்பாக, உருண்டையாக, ஒரு முனையில் வண்டு துளைத்த ஓட்டையோடு இருக்கும். பூஜைக்கு முதல் நாள் அதற்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பார். மணைப்பலகையில் முதலில் அதுதான் போகும், அதன் மேல் பஞ்சாங்கம், ராமாயணம், அப்புறம் எங்கள் பாடப் புத்தகங்கள். அடுக்கில் கணக்குப் புத்தகம் எப்போதும் மேலே இருக்க வேண்டும் என்று எங்களுக்குள் சண்டை, ஏனென்றால் எந்தப் பாடம் தகராறோ அதற்குத்தான் சந்தனம் நிறையப் படவேண்டும். ஜனவரி வரைக்கும் அந்தப் பழுப்பு அட்டையில் மஞ்சள் கறை இருக்கும்.

ஏறாத புத்தகம் ஒன்று உண்டு. அத்தை பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைகள். கல்கி, விகடன், கலைமகள் என்று வாரா வாரம், மாதா மாதம் பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து, கும்பகோணத்தில் கொடுத்துத் தைத்து வாங்கியது. ஓரத்தை வெட்டும்போது ஓவியர் மணியம் போட்ட படத்தில் குதிரைக்கு வால் போயிருக்கும். ஒரு அத்தியாயம் முடிகிற பக்கத்தின் பின்னால் தலைவலித் தைல விளம்பரமும் பாதி நகைச்சுவைத் துணுக்கும் மாட்டிக்கொண்டிருக்கும். இதை நான் மணையில் வைக்கப் போனபோது தாத்தா, "அது என்ன புஸ்தகமா? கதை!" என்று எடுத்துப் போட்டார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. புஸ்தகம் இல்லையென்றால் இன்றைக்குப் படிக்கலாம்தானே என்று அதையே எடுத்துக்கொண்டு ரேழியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

உங்கள் வீட்டில் எது ஏறும், எது ஏறாது? அன்றைக்குத் திருட்டுத்தனமாகப் படித்தவர்களும் தாராளமாகச் சொல்லலாம்.

தக்கலைமழை (திங்கள்)

எங்கள் ஊர் நிலைமை வேடிக்கை. சரஸ்வதி பூஜை அன்று சரஸ்வதியே ஊரில் இருக்க மாட்டாள். பத்மநாபபுரம் அரண்மனையில் தேவாரக்கட்டு சரஸ்வதி இருக்கிறாள் அல்லவா, கம்பர் வைத்துக் கும்பிட்ட விக்கிரகம் என்று சொல்வார்கள், நவராத்திரிக்கு அவள் யானை மேல் ஏறித் திருவனந்தபுரம் போய்விடுவாள். சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வேளிமலை முருகனும் கூடப் போவார்கள். முன்னால் மன்னரின் உடைவாள் போகும். தமிழ்நாட்டுப் போலீஸ் மரியாதை செய்து அனுப்பும், அந்தப் பக்கம் கேரளப் போலீஸ் மரியாதை செய்து வரவேற்கும். சின்ன வயதில் களியக்காவிளை வரைக்கும் வண்டியிலேயே பின்னால் போன கூட்டத்தில் நானும் உண்டு.

மலையாள வழக்கம் கலந்த வீடுகளில் அஷ்டமி சாயங்காலமே புத்தகத்தைக் கட்டி வைத்துவிடுவோம், விஜயதசமி காலையில்தான் பிரிப்பது. அதனால் தஞ்சாவூர்ப் பிள்ளைகளைவிட எங்களுக்கு விடுமுறை நீளம். கோயிலில் கொடுக்கிறவர்கள் பழைய பேப்பரில் பொதிந்து, சணல் கட்டி, மேலே பெயர் எழுதிக் கொடுப்பார்கள். கோயிலில் அடுக்கியிருக்கும் கட்டுகளைச் சுற்றி வந்து, வெளியே தெரிகிற பேப்பர்ச் செய்திகளைப் படிப்பதுதான் என் நவராத்திரி வாசிப்பு. பாதிச் செய்தி ஒரு கட்டில் இருக்கும், மீதி மடிப்புக்குள் போய்விடும். ஒரு கொலை வழக்கில் கடைசியில் தீர்ப்பு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது.

அச்சுக்கோர்ப்பு (திங்கள்)

படிக்கக் கூடாது என்பதெல்லாம் எங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை. எழுத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் படிப்பதுதான் எங்கள் பிழைப்பே, அது படிப்பில் சேருமா?

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுச் சாத்தூரில் ஒரு சின்ன அச்சகத்தில் சேர்ந்தவன் நான். டிரெடில் மெஷின், ஈய எழுத்து. பூஜைக்கு முதல் நாள்தான் வருஷத்திலேயே பெரிய வேலை. எழுத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக உருவி வெளியில் வைத்து, அறை அறையாகத் தூசி ஊதி, கலந்து போன எழுத்துகளைப் பிரித்துப் போடவேண்டும். 'ன'வில் கிடக்கும் 'ண', 'ர' அறைக்குள் கிடக்கும் துணைக்கால், இப்படி வருஷம் பூராவும் நாங்கள் செய்த தப்பெல்லாம் அன்றைக்குக் கையில் வரும். மண்ணெண்ணெய் போட்டு உருளைகளைக் கழுவுவோம். மெஷினுக்குப் பட்டையாக விபூதி, நடுவில் சந்தனம், சக்கரத்தில் வாழைக்கன்று. எழுத்துக் கோர்க்கும் ஸ்டிக்குகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு. பொரி, கடலை, சாத்துக்குடி, ஒரு கவரில் கொஞ்சம் பணம்.

சிவகாசிப் பக்கம் எல்லாம் ஆடிப்பெருக்கு அன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள், அதிலிருந்து ஆர்டர் பிடித்து வேலை ஏற ஆரம்பிக்கும். புரட்டாசியில் எங்களைப் போன்ற சில்லறை அச்சகத்துக்கும் தீபாவளி நோட்டீஸ், பட்டாசுக் கடை பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று ராத்திரிக்கும் வேலை. அந்த நெருக்கடியிலும் அன்று ஒரு நாள் மெஷின் ஓடாது. கரண்ட் போனால்கூட காலால் மிதித்து ஓட்டுகிற மெஷின் அது. தெருவே திடீரென்று காது கேட்காமல் போன மாதிரி இருக்கும். மறுநாள் காலையில் முதலாளி மஞ்சள் தாளில் பிள்ளையார் பிளாக்கை வைத்து நாலு தாள் ஓட்டிவிட்டு, "சரி, போங்கடா" என்பார்.

பிறகு ஆஃப்செட் வந்தது, டிரெடில் எடைக்குப் போனது. இப்போது நான் கணினியில் வடிவமைப்பு. மவுசுக்குப் பொட்டு வைக்கிறேன், வழுக்குகிறது.

ஈரோட்டான் (செவ்வாய்)

எங்கள் வீட்டில் மணையும் கிடையாது, ஏறுவதும் கிடையாது. அப்பா பெரியார் கட்சி. அண்ணா 'திராவிட நாடு' இதழில் ஆயுத பூஜை பற்றி எழுதிய கட்டுரை ஒவ்வொரு வருஷமும் இந்த வாரத்தில் சுற்றுக்கு வரும், இந்த வருஷமும் வந்துவிட்டது. அச்சு இயந்திரத்தைக் கண்டுபிடித்த நாட்டில் ஆயுத பூஜை இல்லையே என்கிற கேள்விதான் சாரம். அப்பாவுக்கு அது மனப்பாடம். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் புத்தகத்தை ஒப்படைத்துவிட்டுக் கிட்டிப்புள் ஆடும்போது நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும். சத்தமாக என்பது முக்கியம், நாலு வீடு தள்ளிக் கேட்க வேண்டும். கொள்கை சரிதான், இப்போதும் எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பத்து வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை ஒரு நாள் ஆத்திகனாக இருந்து பார்ப்பதுதான்.

அம்மா என்ன செய்வாள் என்றால், முதல் நாள் ராத்திரி அப்பாவின் சைக்கிளைப் புளி போட்டு விளக்கி, எண்ணெய் தடவிப் பளபளவென்று நிறுத்தியிருப்பாள். பொட்டு இருக்காது. "என்ன இது?" என்பார். "அழுக்கா இருந்தது, துடைச்சேன். துடைக்கிறதும் உங்க கட்சியில தப்பா?"

மல்லிச்சரம் (செவ்வாய்)

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, படிக்கவும் சுவையாக இருக்கிறது. ஆனால் காவிரிக்கரை அக்கா, உங்கள் அத்தை ரேழியில் உட்கார்ந்து படித்தார் என்கிறீர்களே, அன்றைக்கு அந்த வீட்டில் வடை யார் தட்டினார்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன். எங்கள் வீடு திண்டுக்கல். ஆயுத பூஜை என்றால் அப்பாவின் கடைத் தராசுக்கு ஓய்வு, சித்தப்பா லாரிக்கு ஓய்வு, அண்ணன்கள் புத்தகத்துக்கு ஓய்வு. அரிவாள்மணை, அம்மி, ஆட்டுக்கல், உலக்கை எல்லாவற்றையும் அம்மாதான் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பாள். வைத்த கையோடு அதே அரிவாள்மணையில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்குவாள். பொட்டு வைத்த ஆட்டுக்கல்லில்தான் வடைக்கு உளுந்து ஆட்டுவாள். கொண்டைக்கடலை ராத்திரியே ஊற வேண்டும், அதை வேகவைத்துத் தாளிக்க வேண்டும், பாயசம், சர்க்கரைப் பொங்கல், வருகிற ஆட்களுக்கெல்லாம் பொரிப் பொட்டலம். ஆயுதத்துக்கெல்லாம் லீவு என்கிறார்களே, இந்த ஆயுதங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? இவை ஓய்வெடுத்தால் மற்ற ஆயுதங்களுக்குப் படையல் கிடையாது, அதுதான் விஷயம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதுதான் எனக்கு இன்னும் உறுத்தும். அம்மா தெருவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். அந்தத் தையல் மெஷினுக்கு மட்டும் மாலை போட்டு, மூடி வைத்து, அன்று முழுக்க யாரும் தொடக் கூடாது. தீபாவளிக்குத் தைக்க வந்த துணி மூட்டையாகக் கிடக்கும், அப்போதும் தொடக் கூடாது. ஏன் என்று யோசித்தால், அது காசு கொண்டுவருகிற மெஷின். காசு கொண்டுவருகிற கருவிக்கு வருஷத்தில் ஒரு நாள் ஓய்வு, சோறு கொண்டுவருகிற கருவிக்கு அன்றைக்குக் கூடுதல் வேலை. ஈரோட்டான் அண்ணா, உங்கள் வீட்டில் மணையே இல்லை என்கிறீர்கள். சமையல்?

ஈரோட்டான் (செவ்வாய்)

சமையல் இருந்தது. கறிக்குழம்பு. பக்கத்து வீட்டில் வடை வாசனை வரும்போது எதிர்ப்பைக் காட்ட வேண்டாமா? மசாலா அரைத்தது அம்மாதான், அம்மியில். பதில் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

காவிரிக்கரை (செவ்வாய்)

மல்லிச்சரம், கோபம் எல்லாம் இல்லை. கேள்வி நியாயமானது என்பதால் அத்தைக்கே போன் போட்டுக் கேட்டேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, திருச்சியில் இருக்கிறார், காது மட்டும் கொஞ்சம் மந்தம், அதனால் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேச்சு.

"வடை தட்டினது உங்க அம்மாடி" என்றார். "நான் அந்த வீட்டுப் பொண்ணு, நாத்தனார். எனக்கு ரேழி. அவ மருமக, அவளுக்கு அடுப்பு. எனக்குக் கல்யாணம் ஆகி இங்க வந்த வருஷம் நானும் அடுப்புலதான் நின்னேன். பைண்டு புஸ்தகத்த அங்கயே விட்டுட்டு வந்தேனே, ஏன்னு நெனச்ச?"

அந்த பைண்டுகளை அம்மா படித்ததாக எனக்கு நினைவே இல்லை. அதனால் அம்மாவையும் கேட்டேன். எல்லாம் படித்திருக்கிறாளாம். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, பாத்திரம் தேய்ப்பதற்கு முன்னால், கொல்லைப்புறக் கிணற்றடியில். பாக்கியிருந்த தைல விளம்பரத்தைக்கூட விடாமல் படித்தாளாம். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொன்னதில்லை. "நீ கேக்கல" என்றாள்.

நல்லூர்வீதி (செவ்வாய்)

யாழ்ப்பாணத்தில் நாங்கள் இதை வாணி விழா என்றுதான் சொல்வது. வீட்டைவிடப் பள்ளிக்கூடத்திலேதான் பெரிதாக நடக்கும். கும்பம் வைத்து, புத்தகம் அடுக்கி, பிள்ளைகள் எல்லோரும் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலை பாட வேண்டும். பத்துப் பாட்டு. பத்தாவது முடிந்தால்தான் அவல், கடலை, வாழைப்பழம் வரும். ஆறாவது ஏழாவது பாட்டுக்குள் போகும்போது வேகம் கூடும் பாருங்கோ, சங்கீத ரீச்சர் தாளத்தைத் தட்டித் தட்டி இழுத்துப் பிடித்தாலும் நிற்காது. இன்றைக்கும் எனக்கு முதல் ஐந்து பாட்டும் வடிவாய்த் தெரியும், மிச்சம் ஓட்டத்திலே தான் வரும். விஜயதசமிக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவது. அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுதச் செய்வினம், பிள்ளை குழறி அழும்.

நான் படித்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். போர்க்காலப் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் இல்லை, ஜாம் போத்தல் விளக்கிலேதான் படிப்பு. கடதாசித் தட்டுப்பாட்டில் பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் வந்த காலம். புத்தகம் வைக்கச் சொன்னால் எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு சின்ன அடுக்குத்தான் வரும். அப்பா அதற்கு மேலே யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பழைய அங்கத்துவ அட்டையை வைப்பார். 1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 விடிய நூலகம் எரிந்தது, கிட்டத்தட்ட 97,000 புத்தகம், திருப்பி அச்சடிக்க ஏலாத ஏடுகளும் அதற்குள்ளே. அட்டை சட்டைப் பையில் இருந்தபடியால் தப்பியது. அவர் எடுத்த ஒரு புத்தகமும் வீட்டில் இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய திகதி அதில் குத்தியிருந்தது. அதையும் வைப்பார். அது ஒரு ஆங்கிலத் துப்பறியும் நாவல், அட்டைப் படத்தில் ஒரு வெள்ளைக்காரி சிகரெட்டோடு நிற்பாள். அம்மம்மாவுக்கு அதுதான் கவலை. சரஸ்வதிக்குப் பக்கத்தில் இவள் வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவா, அப்பா வந்து நிமிர்த்தி வைப்பார்.

சமையல் விஷயத்தில் மல்லிச்சரம் தங்கச்சி சொல்வது சரி. ஆனால் தடைக்காலத்தில் அவிக்கவும் பொரிக்கவும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. அந்த வருடங்களில் அம்மாவுக்கு வாணி விழாவிலே வேலை குறைவு. நல்ல காரணம் இல்லைத்தான்.

கிளைநூலகர் (செவ்வாய் இரவு)

தாமதமாக வருகிறேன், இப்போதுதான் நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்தேன். திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிளை நூலகம். நான் முஸ்லிம், எங்கள் வீட்டில் இந்தப் பண்டிகை இல்லை. ஆனால் தொழில் முறையில் இதைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் இந்த இழையில் இல்லை என்று நினைக்கிறேன்.

சரஸ்வதி பூஜை அன்று படிக்கக் கூடாது என்று சொல்கிறீர்கள் அல்லவா? அதற்கு முதல் நாள் மாலை நூலகத்துக்கு வந்து பாருங்கள். இன்று ஐந்து மணியிலிருந்து நிற்க நேரமில்லை. நாளை ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும், அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, அது எங்களுக்கு எப்படியும் வார விடுமுறை. சனிக்கிழமைதான் திறப்போம். அதனால் அட்டைக்கு எத்தனை எடுக்கலாமோ அத்தனையும் எடுத்தார்கள், பெண்டாட்டி அட்டையிலும் எடுத்தார்கள். பாடப் புத்தகத்தைச் சாமிக்குக் கொடுத்துவிட்டுப் பையன்கள் நேராக இங்கேதான் வருகிறார்கள். அந்தத் தடை பாடப் புத்தகத்துக்குத்தான் போலிருக்கிறது. எங்கள் வரவுப் பதிவேட்டைப் பார்த்தால் காவிரிக்கரை அவர்களின் தாத்தா சொன்னதைத்தான் ஊரே பின்பற்றுகிறது.

போன வருஷக் கதையையும் சொல்லிவிடுகிறேன், யாரிடமாவது சொல்ல வேண்டும். 2024-இல் ஆயுத பூஜை அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. விஜயதசமி 12, இரண்டாவது சனிக்கிழமை. எங்களுக்கு வெள்ளியும் விடுமுறை, இரண்டாம் சனியும் விடுமுறை. ஊரே இரண்டு நாள் கூடுதலாக வீட்டில் இருந்தது, நூலகர்களுக்கு மட்டும் சாதாரண வாரம். இந்த வருஷம் கணக்கு கொஞ்சம் சரியாகியிருக்கிறது.

பூஜை என்று நான் எதுவும் செய்வதில்லை, செய்கிறவர்களைத் தடுப்பதும் இல்லை. டெலிபோன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர் தினமும் காலையில் வந்து நான்கு நாளிதழையும் படித்துவிட்டுப் போவார். "என்ன பாய், பொரி கடலை எதுவும் கிடையாதா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அவரே பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைப்பார். வருகைப் பதிவேட்டு அட்டையில் ஒரு மஞ்சள் பொட்டு. தணிக்கைக்கு வந்த அதிகாரி ஒருமுறை, "இது என்ன கறை?" என்று கேட்டார். "வாசகர் கருத்து" என்றேன்.

அதிகம் எடுத்தது பெண்கள்தான். நான்கைந்து பேர் சேர்ந்து வந்து சமையல், கோலம், பக்தி என்று மேலே ஒன்றை வைத்து, அடியில் நாவல்களை அடுக்கிக்கொண்டு போனார்கள்.

மல்லிச்சரம் (செவ்வாய் இரவு)

பாய், அந்தக் கடைசி வரிக்கு ஒரு பொரிப் பொட்டலம் பார்சல்.

ஹூக்ளி தமிழன் (புதன்)

கொல்கத்தாவில் இருக்கிறேன். இங்கே சரஸ்வதி பூஜை இப்போது இல்லை, வசந்த பஞ்சமிக்குத்தான், ஜனவரி இல்லாவிட்டால் பிப்ரவரி. புத்தகத்தைத் தொடக் கூடாது என்பது இங்கும் அப்படியே உண்டு. கூடவே இன்னொன்று, பூஜை முடிகிற வரைக்கும் மாணவர்கள் இலந்தைப்பழம் தின்னக் கூடாது, தின்றால் பரீட்சை போச்சு. என் பையனுக்கு இரண்டு ஊர்க் கணக்கும் பொருந்தும் என்று அவனே முடிவு செய்துகொண்டு வருஷத்துக்கு இரண்டு முறை புத்தகத்தை மூட்டை கட்டுகிறான். அவன் அம்மா வங்காளி, நான் தமிழன், யாரும் மறுத்துப் பேச முடியவில்லை. இப்போது இங்கே துர்கா பூஜை, நகரமே தெருவில் நிற்கிறது. நம் வீட்டில் மட்டும் சுண்டல்.

ஷிஃப்ட்மணி (புதன்)

ஐ.டி. ஆள். எங்கள் அலுவலகத்தில் பூஜை நேற்றே முடிந்தது. சர்வர் அறைக்கு மாவிலைத் தோரணம், எல்லோருடைய லேப்டாப்புக்கும் சந்தனம் குங்குமம். சந்தனத்தைக் காற்று போகிற ஓட்டையில் வைத்துவிட்டார்கள், விசிறி அலறுகிறது. ஓய்வெல்லாம் கிடையாது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு இது சாதாரணப் புதன்கிழமை. பொட்டு வைத்த கருவியில் அன்றைக்கே வேலை செய்கிற கூட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மல்லிச்சரம் அக்கா.

இன்னொரு வேண்டுகோள். பூசணிக்காயை நடு ரோட்டில் உடைப்பவர்கள் தயவுசெய்து கொஞ்சம் ஓரமாக உடையுங்கள். இல்லாவிட்டால் உடைத்த கையோடு அள்ளிவிடுங்கள். நேற்றிரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது பைக் வழுக்கியது. திருஷ்டி கழிந்தது அவர்களுக்கு, முட்டி கழன்றது எனக்கு.

காவிரிக்கரை (புதன்)

பூஜை முடிந்தது. காமிக்ஸ் விவகாரத்தையும் மகளே தீர்த்துக்கொண்டாள். படித்து முடித்ததை மணையில் வைத்தாள், முடிக்காததை வைக்கவில்லை. வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம் போலிருக்கிறது.

மல்லிச்சரத்தின் பதிவை நேற்று ராத்திரி சத்தமாக வாசித்தேன். என் மாமியார் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இன்று காலை எழுந்து பார்த்தால் மிக்ஸி, குக்கர், கிரைண்டர் மூன்றும் மணைக்குப் பக்கத்தில் பொட்டு வைத்து வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கேட்டதற்கு, "எடுக்கக் கூடாது, நாளைக்குத்தான்" என்கிறார். எனக்குச் சிரிப்பு, என் கணவருக்குத் திகைப்பு. பொரி, கடலை, பழம் வைத்துப் படைத்தோம். மத்தியானச் சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வந்தது, வடை கொஞ்சம் எண்ணெய். மாமியார் ஊஞ்சலில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பேத்தியின் முடிக்காத காமிக்ஸைப் படித்தார். "இந்தக் குதிரைக்காரன் ஏன் எப்பவும் தனியாவே போறான்?" என்று ஒரு சந்தேகம் கேட்டார்.

அச்சுக்கோர்ப்பு (புதன்)

எல்லாம் சரிதான் அம்மா. மிக்ஸியை நாளைக்குத்தான் எடுப்பீர்கள் என்றால் ராத்திரி இட்லிக்குச் சட்னி?

காவிரிக்கரை (புதன்)

குக்கரும் மணையில் சார். இட்லிக்கே வழியில்லை. என் கணவர் தோசைக்கல்லைத் தேடி எடுத்திருக்கிறார், அதற்கு யாரும் பொட்டு வைக்கவில்லையாம். மாவு நேற்று அரைத்தது, தொட்டுக்கொள்ளப் பொடி இருக்கிறது. அடுப்பில் அவர்தான் நிற்கிறார், முதல் தோசை பிய்ந்துவிட்டது.